மதம் குறைந்தால் மகிழ்ச்சி கூடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மார்ச் மாதமும் உலக மகிழ்ச்சி அறிக்கை வந்தவுடன் இந்தச் சண்டை ஆரம்பித்துவிடும். "சர்ச்சுக்கே போகாத நாடுகள் முதலில் நிற்கின்றன, சாமி சாமி என்று கிடக்கிற நாம் எங்கேயோ கிடக்கிறோம்" என்று ஒரு பக்கம். "அங்கே எல்லாரும் மாத்திரை போட்டுத்தான் தூங்குகிறார்கள், நிம்மதி நம்மிடம்தான்" என்று இன்னொரு பக்கம். இரண்டு தரப்பும் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்பது என் கட்சி. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன், சிலவற்றுக்கு நீளமாக, சிலவற்றுக்கு இரண்டே வரியில்.

முதலில், இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறதா இல்லையா?

இருக்கிறது. 2009இல் கேலப் நிறுவனம் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் "உங்கள் அன்றாட வாழ்க்கையில் மதத்துக்கு முக்கிய இடம் உண்டா?" என்று கேட்டது. எஸ்டோனியாவில் 16 சதவீதம் பேர், சுவீடனில் 17 சதவீதம் பேர், டென்மார்க்கில் 19 சதவீதம் பேர்தான் "ஆம்" என்றார்கள். வங்கதேசம், இந்தோனேசியா, இலங்கை, நைஜர் போன்ற நாடுகளில் அது 99 சதவீதத்தைத் தொட்டது. இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் தனிநபர் வருமானப் பட்டியலை வைத்துப் பாருங்கள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்குவது கண்ணுக்கே தெரியும். மகிழ்ச்சிப் பட்டியலும் ஏறக்குறைய அப்படித்தான்: 2025 அறிக்கையில் முதல் நான்கு இடங்கள் பின்லாந்து, டென்மார்க், ஐஸ்லாந்து, சுவீடன். பின்லாந்து 2018 முதல் அந்த இடத்தை விடவே இல்லை.

ஆக, தொடர்பு இருக்கிறது. எது எதற்குக் காரணம் என்பதில்தான் வம்பு.

மகிழ்ச்சியை எப்படி அளக்கிறார்கள்? யாரைக் கேட்டார்கள்? என்னை யாரும் கேட்கவில்லையே?

ஒரு நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 1,000 பேரைக் கேட்கிறார்கள், மூன்று வருடச் சராசரியை எடுக்கிறார்கள். கேள்வி ஒன்றே ஒன்று. ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், உங்களால் வாழ முடிந்த மிகச் சிறந்த வாழ்க்கை 10ஆம் படி, மிக மோசமானது 0, இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? அவ்வளவுதான். 2025 அறிக்கையில் பின்லாந்துக்காரர்களின் சராசரி 7.7, இந்தியர்களின் சராசரி 4.4.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேற்று எத்தனை தடவை சிரித்தாய், மனசு லேசாக இருந்ததா என்று கேட்டு இந்த வரிசையைப் போடவில்லை. ஏணி என்றதுமே மனிதன் வேலை, வீடு, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு என்றுதான் கணக்குப் போடுவான். அதனால் "மகிழ்ச்சி" என்ற தலைப்பைவிட "வாழ்க்கையில் திருப்தி" என்று வைத்துக்கொண்டு படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

டென்மார்க் மதச்சார்பற்ற நாடுதானே?

சட்டப்படி பார்த்தால் இல்லை. மார்ட்டின் லூத்தர் வழிவந்த புராட்டஸ்டன்ட் பிரிவான லூத்தரன் திருச்சபைதான் டென்மார்க்கின் தேசியத் திருச்சபை, அதை அரசு ஆதரிக்கும் என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. மன்னர் அந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தே ஆக வேண்டும். மக்களில் பத்துக்கு ஏழு பேர் இன்றும் உறுப்பினர்கள், வருமான வரியோடு சேர்த்துச் சர்ச் வரியும் கட்டுகிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனால் பெஞ்சுகள் காலி. குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு, 14 வயதில் உறுதிப்பூசுதலும் (ஞானஸ்நானத்தைப் பிள்ளை தானே உறுதிப்படுத்தும் சர்ச் சடங்கு) அதற்கொரு பெரிய விருந்தும் உண்டு, மறுநாள் திங்கட்கிழமை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு விருந்தில் வந்த பணத்தோடு பிள்ளைகள் கூட்டமாகக் கடைவீதிக்குப் போவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. கடவுள் இருக்கிறாரா என்று கேட்டால் தோளைக் குலுக்குவார்கள்.

அமெரிக்கா இதற்கு நேர் எதிர். அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்று 1791இலேயே சட்டத்தில் எழுதிவிட்டார்கள், ஆனால் அதே கேலப் கேள்விக்கு 65 சதவீத அமெரிக்கர்கள் "ஆம்" என்றார்கள். எனவே அரசுக்கு மதம் இல்லாதது வேறு, மக்களுக்குப் பக்தி இல்லாதது வேறு. இந்த விவாதத்தில் பாதிப் பேர் ஒன்றைப் பேசுகிறார்கள், மீதிப் பேர் மற்றதைப் பேசுகிறார்கள். இங்கே நான் பேசுவது இரண்டாவதை.

அப்படியானால் எது முதலில் வந்தது? பக்தி போனதால் வளம் வந்ததா, வளம் வந்ததால் பக்தி போனதா?

பெரும்பாலும் இரண்டாவது. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

பின்லாந்தை எடுத்துக்கொள்வோம். 1866 முதல் 1868 வரை அங்கே வந்த பஞ்சத்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ 8 சதவீதம் பேர் செத்துப்போனார்கள். மரப்பட்டையை இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்ட நாடு அது. அப்போது எல்லாரும் பக்தர்கள்தான். அந்த ஏழை நாட்டிடம் ஒரே ஒரு சொத்து இருந்தது, பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியும். யார் சொல்லிக் கொடுத்தது? சர்ச். பின்லாந்து சுவீடனின் கீழ் இருந்த காலத்தில், 1686இல் வந்த திருச்சபைச் சட்டம், எல்லாரும் வேதத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்றது. பாதிரியார் வருஷா வருஷம் வீட்டாரைக் கூட்டி உட்காரவைத்து, வீட்டுக்காரர், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர் எல்லாரையும் வாசிக்கச் சொல்லி, ஞானோபதேசக் கேள்வி கேட்டு, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மதிப்பெண் போட்டுக்கொண்டு போவார். அந்தப் பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன. வாசிக்கத் தெரியாவிட்டால் உறுதிப்பூசுதல் கிடையாது, உறுதிப்பூசுதல் இல்லாவிட்டால் கல்யாணமும் கிடையாது. இதைவிட வலுவான எழுத்தறிவுத் திட்டத்தை எந்தக் கல்வி அமைச்சரும் போட்டதில்லை. பின்னிஷ் மொழியில் அச்சான முதல் புத்தகமே 1543இல் மீகாயேல் அக்ரிகோலா என்ற லூத்தரன் பாதிரியார் எழுதிய அரிச்சுவடிதான்.

(இந்த லூத்தரன் வாசிப்பு வெறி நம் ஊருக்கும் வந்திருக்கிறது. டென்மார்க் மன்னர் அனுப்பி 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு உடனே தமிழ் படித்தார், பள்ளிக்கூடம் திறந்தார், அச்சுக்கூடம் வைத்தார். எல்லாம் அதே ஆசையில்தான்.)

அந்த எழுத்தறிவின் மேல் பிறகு அரசு கட்டியது: 1921இல் கட்டாயக் கல்வி, 1948 முதல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி மதிய உணவு, அப்புறம் மருத்துவம், ஓய்வூதியம், வேலையில்லாதவருக்கு உதவித்தொகை. பசி, நோய், முதுமை, மழை பொய்ப்பது என்று எதற்கெல்லாம் கடவுளிடம் கையேந்த வேண்டியிருந்ததோ, அதற்கெல்லாம் ஓர் அலுவலகமும் ஒரு படிவமும் வந்துவிட்டன. தலைமுறை மாற மாற சர்ச்சுக்குப் போவது குறைந்தது. அரசியல் துறை அறிஞர்கள் ரொனால்ட் இங்கிள்ஹார்ட்டும் பிப்பா நாரிஸும் 2004இல் முன்வைத்த வாதம் இதுதான்: உயிர் பிழைப்போமா என்ற பயம் குறைகிற சமூகத்தில் மதப் பிடிப்பும் தளர்கிறது.

ஆக, "சர்ச்சை விட்டதால் முன்னேறினார்கள்" என்பவர் சர்ச் போட்ட அஸ்திவாரத்தை மறைக்கிறார். "எல்லாம் கிறிஸ்தவத்தால் வந்தது" என்பவர் பஞ்சகாலப் பின்லாந்தும் கிறிஸ்தவ நாடுதான் என்பதை மறக்கிறார்.

மதம் குறைந்த பிறகுதான் வளர்ச்சி வந்தது என்று ஒரு ஆய்வு இருக்கிறதாமே?

இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் நான் என் கட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஆகிவிடும். 2018இல் டேமியன் ரக் என்பவரும் சகாக்களும் இருபதாம் நூற்றாண்டு முழுவதற்குமான தரவுகளைச் சேர்த்து, நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் மதப்பற்று குறைவது முதலில் வருகிறது, பொருளாதார வளர்ச்சி பின்னால் வருகிறது என்று காட்டினார்கள். அதோடு அவர்கள் நிறுத்தவில்லை. விவாகரத்து, கருக்கலைப்பு போன்றவற்றில் தனிமனித உரிமையைச் சமூகம் எவ்வளவு சகித்துக்கொள்கிறது என்பதைக் கணக்கில் சேர்த்தால், வளர்ச்சியை முன்கூட்டிச் சொல்ல மதப்பற்றைவிட அதுவே நல்ல அளவுகோல் என்றும் சொன்னார்கள். பெண் படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பிடிக்காத கல்யாணத்திலிருந்து வெளியே வரலாம் என்றால் வேலை செய்யும் கைகள் இரட்டிப்பாகின்றன. மதத்தை விட்டும் பெண்ணைப் பூட்டி வைக்கிற சமூகத்துக்கு இந்தப் பலன் வராது, கோயிலுக்குப் போய்க்கொண்டே பெண்ணை வேலைக்கு அனுப்புகிற சமூகத்துக்கு வரும். அந்த ஆய்வை நான் இப்படித்தான் படிக்கிறேன்.

அரசே மதத்தை ஒழித்துக் காட்டிய நாடுகள் எப்படி இருக்கின்றன?

அல்பேனியா. 1967இல் அந்நாட்டுக் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் என்வர் ஹோக்ஸா மசூதி, சர்ச், மடம் என்று 2,000க்கும் மேற்பட்ட இடங்களை மூடினார், உலகின் முதல் நாத்திக நாடு என்று அறிவித்தார். இருபத்து நான்கு வருடம் கழித்து என்ன ஆயிற்று? 1991 ஆகஸ்டில் கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றிவந்து டுரெஸ் துறைமுகத்தில் நின்ற 'வ்லோரா' என்ற கப்பலில், பாய்மரக் கம்பம் வரை தொற்றிக்கொண்டு ஏறத்தாழ 20,000 பேர் இத்தாலியின் பாரி நகரத்துக்குத் தப்பி ஓடினார்கள். அன்று ஐரோப்பாவின் ஏழை நாடு அதுதான்.

கிழக்கு ஜெர்மனி இன்னும் நல்ல உதாரணம், ஏனென்றால் ஒப்பிட அடுத்த வீடு இருக்கிறது. ஒரே இனம், ஒரே மொழி. 1949இல் இரண்டாகப் பிரிந்து 1990இல் ஒன்றானார்கள். உலகிலேயே நாத்திகர்கள் அதிகமாக இருக்கிற இடங்களில் ஒன்று கிழக்கு, அங்கே 2008இல் எடுத்த ஒரு பன்னாட்டுக் கணக்கெடுப்பில் 52 சதவீதம் பேர் கடவுள் நம்பிக்கை இல்லை என்றார்கள். உறுதிப்பூசுதலுக்குப் பதிலாகக் கம்யூனிஸ்ட் அரசு கொண்டுவந்த இளைஞர் சடங்கு இன்றும் குடும்ப விழாவாக நடக்கிறது. ஆனால் பக்தி அதிகமுள்ள மேற்கில்தான் சம்பளமும் அதிகம், ஒன்றானதிலிருந்து வாழ்க்கைத் திருப்தியும் அதிகம் (இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது என்பது வேறு விஷயம்). நாத்திகம் மட்டும் வளம் தரும் என்றால் கணக்கு தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

ஜப்பான், தென் கொரியா?

பணம் உண்டு, மதப் பிடிப்பு குறைவு, 2025 மகிழ்ச்சிப் பட்டியலில் 55, 58ஆம் இடங்கள். பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யிலேயே (OECD) தற்கொலை விகிதம் அதிகம் தென் கொரியாவில்தான்.

நல்லவேளை தற்கொலையை எடுத்தீர்கள். பின்லாந்திலும் அதிகமாமே?

ஒரு காலத்தில். 1990ஐ ஒட்டி லட்சத்துக்கு 30 பேர் என்ற அளவில் உச்சத்தில் இருந்தது. 1986இலேயே நாடு தழுவிய தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்து, பத்து வருடம் விடாமல் நடத்தினார்கள். இன்று அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே. இன்னொன்று, தற்கொலை பாவம், குற்றம் என்று இருக்கிற நாடுகளில் "விபத்து", "வயிற்றுவலி" என்று எழுதி மூடிவிடுவது நடக்கும் என்பது நமக்குத் தெரியாததில்லை. எனவே நாட்டுக்கு நாடு இந்த எண்ணை ஒப்பிடும்போது ஜாக்கிரதை.

பக்தியும் மகிழ்ச்சியும் சேர்ந்தே இருக்கிற நாடு உண்டா?

தாராளமாக. கோஸ்டாரிகா 2025இல் 6ஆம் இடம், மெக்சிகோ 10ஆம் இடம். கோஸ்டாரிகாவின் அரசு மதமே கத்தோலிக்கம்தான், சட்டத்திலேயே இருக்கிறது. வருமானத்தில் ஐரோப்பியர்களைவிட எவ்வளவோ கீழே. 1948இல் ராணுவத்தைக் கலைத்துவிட்டுப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செலவு செய்தார்கள், குடும்பப் பிணைப்பு விட்டுப்போகவில்லை.

அமெரிக்காவுக்குள்ளேயே யூட்டா மாநிலம் இருக்கிறது. மார்மன்கள் என்ற மதப்பிரிவினரின் ஊர், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கிற பழக்கம் உள்ளவர்கள். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் குழுவும் 2014இல் கணக்கிட்டதில், ஏழைக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை மேல்தட்டுக்கு ஏறுகிற வாய்ப்பு சால்ட் லேக் சிட்டியில் 10.8 சதவீதம், பக்தி மிகுந்த தெற்கில் இருக்கும் ஷார்லட் நகரத்தில் 4.4 சதவீதம். இரண்டு ஊரிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச் நிரம்பும். வித்தியாசம் வேறு எங்கோ இருக்கிறது.

வளைகுடா நாடுகளை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம், அது எண்ணெய்.

ஆனால் ஒரே ஊரில் பார்த்தால் கோயிலுக்குப் போகிறவர்தானே நிம்மதியாக இருக்கிறார்?

பல நாடுகளில் அப்படித்தான். பியூ ஆய்வு மையம் 2019இல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்காவில் வழிபாட்டில் தீவிரமாகக் கலந்துகொள்கிறவர்களில் 36 சதவீதம் பேர் "மிக மகிழ்ச்சி" என்றார்கள், மதமே இல்லாதவர்களில் 25 சதவீதம் பேர். பெயருக்கு மட்டும் மதத்தில் இருப்பவர்களிலும் அதே 25 சதவீதம்தான்! நம்பிக்கை மட்டும் இருந்தால் போதாது போலிருக்கிறது.

அந்தக் கூடுதல் மகிழ்ச்சி எங்கிருந்து வருகிறது என்று சேயூன் லிம், ராபர்ட் புட்னம் இருவரும் 2010இல் துருவிப் பார்த்தார்கள். வாரா வாரம் சர்ச்சுக்குப் போய், அங்கேயே நெருங்கிய நண்பர்கள் மூன்று முதல் ஐந்து பேர் இருந்தால், 33 சதவீதம் பேர் வாழ்க்கையில் முழுத் திருப்தி என்கிறார்கள். அதே வாராந்தரப் பழக்கம், ஆனால் அங்கே நண்பர் ஒருவரும் இல்லை என்றால் 19 சதவீதம்தான். தேரோட்டத்தில் வடம் பிடிக்க ஆள் சேர்ப்பது முதல் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவது வரை ஒரு கூட்டத்தோடு இருந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எட் டீனரும் சகாக்களும் 2011இல் இதை உலக அளவில் பார்த்தார்கள். வாழ்க்கை கஷ்டமாக இருக்கிற நாடுகளில் பக்தர்களுக்கும் மற்றவர்களுக்கும் மகிழ்ச்சியில் நல்ல வித்தியாசம் இருக்கிறது, மதம் துணையும் மரியாதையும் தருகிறது. வசதியான, பாதுகாப்பான நாடுகளில் அந்த வித்தியாசம் கரைந்துவிடுகிறது, இரு சாராரும் ஒரே மாதிரி. டென்மார்க்கில் சர்ச்சை விட்டவர் எதையும் இழக்கவில்லை, ஏனென்றால் ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவர் சபையை நம்பியிருக்கவில்லை. இங்கே விட்டால் இழப்பு பெரிது.

பணமும் மகிழ்ச்சியும் எப்போதும் கூடவே போகுமா?

போகாது. இந்த விஷயத்தில் எனக்கு மிகப் பிடித்த ஆய்வு ரமலானைப் பற்றியது. ஃபிலிப்பே கம்பாந்தே, டேவிட் யானகிசாவா ட்ரோட் இருவரும் 2015இல் வெளியிட்டார்கள். பக்தி கூடினால் என்ன ஆகும் என்று சோதனை செய்ய முடியாது, யாரையும் பிடித்துப் பக்தர் ஆக்க முடியாது. ஆனால் இயற்கையே ஒரு சோதனையை நடத்திக்கொண்டிருக்கிறது. இஸ்லாமிய ஆண்டு சந்திர ஆண்டு, அதனால் ரமலான் மாதம் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்து, 33 வருடத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவருகிறது. வங்கதேசத்தில் கோடையோ குளிரோ நோன்பு நேரம் அவ்வளவாக மாறாது. துருக்கி வடக்கே இருப்பதால், கோடையில் ரமலான் வந்தால் தண்ணீர்கூட இல்லாமல் 17 மணி நேரம், குளிர்காலத்தில் வந்தால் அதைவிடப் பல மணி நேரம் குறைவு. நாடு அதே, மக்கள் அதே, நோன்பின் கடுமை மட்டும் வருடத்துக்கு வருடம் தானாக மாறுகிறது.

கண்டுபிடித்தது: நோன்பு நேரம் நீளும் காலங்களில் முஸ்லிம் நாடுகளின் பொருளாதார வளர்ச்சி குறைகிறது, ஆனால் மக்கள் சொல்லும் மகிழ்ச்சி கூடுகிறது. வயிறு காய்ந்ததால் அந்த ஒரு மாதம் வேலை கெட்டது என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியாது. எவ்வளவு உழைப்பது, என்ன வேலை பார்ப்பது என்ற மக்களின் விருப்பமே நகர்கிறது, ரமலான் முடிந்த பிறகும் அது தொடர்கிறது என்கிறார்கள். கொஞ்சம் பணம் போனால் போகட்டும், இது எனக்கு நிறைவு என்று ஒருவர் முடிவெடுத்தால், பொருளாதாரப் புள்ளிவிவரத்தில் அது நஷ்டம். அவரைக் கேட்டால் லாபம் என்பார். "எது சந்தோஷமான சமூகம், எது வளமான சமூகம்" என்ற இரண்டு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்பதே இங்கே சிக்கலாகிவிடுகிறது.

இதேபோல, ஷிகேஹிரோ ஓஷியும் டீனரும் 2014இல் 132 நாடுகளின் தரவை வைத்து, வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கிறது என்று சொல்வோர் ஏழை நாடுகளில்தான் அதிகம், அதற்கு மதம் ஒரு முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். ஏணியில் கீழ்ப்படியில் நிற்கிற, மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுக்காரர் இந்தக் கேள்வியில் மேலே போய்விடுகிறார்.

மதப்பற்று இல்லாத நாட்டில் போய்க் குடியேறிய நம் ஆட்கள்?

டென்மார்க்கில் பிராண்டே என்ற சின்ன ஊரில் ஈழத்தமிழர்களின் அபிராமி அம்மன் கோயில் இருக்கிறது, ஹெர்னிங்கில் சித்தி விநாயகர். போருக்குத் தப்பி எண்பதுகளிலிருந்து போனவர்கள் கட்டிக்கொண்டவை. அங்கே தீமிதிப்பதற்கு இடம் வேண்டுமென்றால் நகராட்சியோடு பேச வேண்டியிருக்கும், பிள்ளைகள் டேனிஷ் மொழியில் யோசிப்பார்கள், அது வேறு கதை. அம்மனைக் கும்பிடுகிறவருக்கும் எதையும் கும்பிடாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே மருத்துவமனை, அதே பள்ளி, அதே ஓய்வூதியம். மகிழ்ச்சியைத் தருகிற பொருள் எது என்று கேட்டால் நான் இந்தப் பட்டியலைத்தான் காட்டுவேன்.

தமிழ்நாடு முன்னேறியது பெரியாரால் என்கிறார்கள், அப்படியானால் நாத்திகம் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

இங்கே நாத்திகம் பரவவே இல்லையே! பழனியில் கூட்டம் குறைந்திருக்கிறதா, வேளாங்கண்ணியில் குறைந்திருக்கிறதா, நாகூரில் குறைந்திருக்கிறதா? அந்த இயக்கத்தின் பலன் வேறு இடத்தில் விழுந்தது: இட ஒதுக்கீடு, பெண் கல்வி, புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் சட்ட அங்கீகாரம். காமராஜர் போட்ட மதிய உணவும் பள்ளிகளும் அதோடு சேர்ந்தன. இந்தியாவிலேயே தொழிற்சாலை எண்ணிக்கை அதிகமுள்ள மாநிலத்தில், வேலைக்குப் போகிற பெண்கள் நெற்றியில் விபூதியோடுதான் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள்.

கடைசியாக ஒன்று. பாகிஸ்தான் எப்படி இந்தியாவைவிட மேலே வந்தது? இந்தப் பட்டியலே மோசடிதானே?

2025இல் நேபாளம் 92, பாகிஸ்தான் 109, இந்தியா 118, இலங்கை 133. நாலு நாட்டிலும் பத்தில் ஒன்பது பேருக்குமேல் அல்லது அதையொட்டி மதம் முக்கியம் என்கிறவர்கள், ஆகவே இந்த வித்தியாசத்துக்கு மதம் காரணமாக இருக்க முடியாது. எதிர்பார்ப்பு ஒரு காரணமாக இருக்கலாம். நிலவுக்கு விண்கலம் போவதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே ரேஷன் வரிசையில் நிற்பவர், ஏணியின் பத்தாம் படியை எங்கே வைப்பார்? இலங்கையைப் பாருங்கள், தனிநபர் வருமானம், எழுத்தறிவு, ஆயுட்காலம் மூன்றிலும் இந்தியாவைவிட மேல், ஆனால் பட்டியலில் கீழே. அந்த மூன்று வருடச் சராசரி 2022இல் தொடங்குகிறது. பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை, பால்மாவு இல்லை, ஜூலையில் ஜனாதிபதியே நாட்டைவிட்டு ஓடினார். அந்த வருடத்தில் கேட்டால் யார் மேல்படியைச் சொல்வார்கள்?